கச்சான் காற்றில் எந்த விமானம்? சிமுலேட்டரின் ஏழு பழைய விமானங்களும் பாம்பன் பந்தயமும்

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020 என்ற விமானம் ஓட்டும் கணினி விளையாட்டை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் 2022 நவம்பர் 11 அன்று 40-ஆம் ஆண்டுத் தொகுப்பு இலவசமாகக் கிடைத்தது. ஏர்பஸ் ஏ310, ஹெலிகாப்டர், கிளைடர் என்று பலவும் அதில் உண்டு. பழைய விமானப் பிரியர்களுக்கு வேண்டியவை ஏழு: ரைட் சகோதரர்களின் 1903 ஃபிளையர், கர்ட்டிஸ் ஜேஎன்-4 ஜென்னி, லிண்ட்பர்க் அட்லாண்டிக்கைக் கடந்த ரயான் என்ஒய்பி ‘ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்’, டக்ளஸ் டிசி-3, கிரம்மன் கூஸ், டி ஹாவிலாண்ட் பீவர், ஹ்யூஸ் எச்-4 ஹெர்குலஸ். இராமநாதபுரம் கடற்கரையைச் சுற்றி ஒரு மெய்நிகர் வான்பந்தயம் வைத்தால் இவற்றில் எவை தேறும், எதற்கு என்ன தயாரிப்பு வேண்டும் என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கடிகாரத்தை வெல்வது டிசி-3. இந்தக் கடலுக்குப் பொருந்துவது கூஸ். முதல் தடவை பந்தயத்துக்கு வருபவர் பீவரை எடுக்கட்டும். ரயான் பொறுமைசாலிகளுக்கு மட்டும். எதை எடுத்தாலும் பந்தயத்தில் பாதி, ஓடுபாதைக்கு வருவதற்கு முன் எடையும் எரிபொருளும் நிரப்பும் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. பெரும்பாலானோர் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை.

பயணிகள் விமானத்தை வைத்துப் பந்தயமா என்று டிசி-3-ஐ ஒதுக்குபவர்கள் 1934 அக்டோபர் மாதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் மில்டன்ஹாலிலிருந்து மெல்போர்ன் வரை நடந்த மேக்ராபர்ட்சன் பந்தயத்தில் பாக்தாத், அலகாபாத், சிங்கப்பூர், டார்வின், சார்ல்வில் என்ற ஐந்து இடங்களில் கட்டாயம் இறங்க வேண்டும். பந்தயத்துக்கென்றே செய்த டிஎச்.88 காமெட் சுமார் 71 மணி நேரத்தில் முதலில் வந்தது. இரண்டாவதாக வந்தது கேஎல்எம் நிறுவனத்தின் ‘ஊய்வர்’ என்ற டிசி-2. பயணிகளையும் தபாலையும் சுமந்துகொண்டு, சுமார் 90 மணி நேரத்தில். அந்த டிசி-2-வின் அடுத்த பிறப்புதான் டிசி-3.

பந்தயப் பாதை

தொடக்கக் கோடு உச்சிப்புளியில் இருக்கட்டும். அங்கே 2009 மார்ச் 26 முதல் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து இயங்குகிறது. அந்த ஓடுபாதை சிமுலேட்டர் பட்டியலில் கிடைக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் மதுரையிலிருந்தோ (விமான நிலையக் குறியீடு வி.ஓ.எம்.டி.) தூத்துக்குடியிலிருந்தோ (வி.ஓ.டி.கே.) கிளம்பி வந்து, உச்சிப்புளிக்கு மேலே வானிலேயே கோட்டைக் கடக்கலாம். எஞ்சின் சீராகச் சூடேறவும் அந்தப் பயணம் உதவும்.

உச்சிப்புளி (9°19' வ, 78°58' கி) தொடங்கி பாம்பன் பாலம் (9°17', 79°12') சுமார் 26 கிலோமீட்டர், திசை 100 டிகிரி. அங்கிருந்து தீவின் தெற்குக் கரையை இடப்பக்கம் வைத்து அரிச்சல்முனை (9°09', 79°27') 31 கிலோமீட்டர், 119 டிகிரி. முனையைச் சுற்றியதும் மன்னார் வளைகுடாவுக்கு மேலே, முயல் தீவை ஒட்டி, நேர் மேற்காகக் கீழக்கரை (9°14', 78°47') 73 கிலோமீட்டர், 277 டிகிரி. கடைசியாகக் கீழக்கரையிலிருந்து உச்சிப்புளி 23 கிலோமீட்டர், 64 டிகிரி. மொத்தம் 153 கிலோமீட்டர், அதாவது 95 மைல். பழைய விமானங்களின் வேகமானி பெரும்பாலும் மைலில்தான் காட்டும். அதனால் மைலில் கணக்குப் போடுவதே வசதி.

திருப்புமுனைகளைக் கட்டடங்களை நம்பி வைக்காதீர்கள். செயற்கைக்கோள் படம் எந்த ஆண்டு எடுத்தது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம் தெரியும். பாம்பனில் 1914-இன் பழைய ரயில் பாலம், 1988-இன் சாலைப் பாலம், 2025 ஏப்ரலில் திறந்த செங்குத்துத் தூக்குப் பாலம் என மூன்று கட்டியிருக்கிறார்கள். உங்கள் திரையில் எது எப்படி வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. அரிச்சல்முனையின் மணல் திட்டோ பருவத்துக்குப் பருவம் இடம் மாறுவது. மேலே உள்ள ஆயத்தொலைவுகளை வழிப்புள்ளிகளாகப் போட்டு, அந்த பி.எல்.என். (பயணப்பாதை) கோப்பை எல்லோருக்கும் அனுப்பிவிடுவதுதான் சண்டையில்லாத வழி.

இணையம், அமைப்புகள்

சிமுலேட்டர் நிலப்படத்தை இணையம் வழியே இழுக்கிறது. நிறுவனம் சொல்லும் குறைந்தபட்சம் 5 எம்.பி.பி.எஸ்., பரிந்துரை 20. தங்கச்சிமடத்திலோ மண்டபத்திலோ மழைக்காலத்தில் இணைப்பு தடுமாறினால் பந்தய நடுவில் கரை மங்கலாகி, தீவு எது திட்டு எது என்று தெரியாமல் போகும். இதற்கு 2020 பதிப்பில் நல்ல தீர்வு ஒன்று இருக்கிறது. டேட்டா அமைப்பில் ‘மேனுவல் கேச்’ என்பதைத் திறந்து, உச்சிப்புளி முதல் அரிச்சல்முனை வரை, தெற்கே தீவுகள் உட்பட, ஒரு கட்டம் போட்டு முந்தின நாளே பதிவிறக்கி வையுங்கள். கரையோரத்துக்கு உயர்தரம், நடுக்கடலுக்குக் குறைந்த தரம் போதும். நீரைப் பதிவிறக்கி இடத்தை வீணாக்க வேண்டாம். 2024 பதிப்பு விமானங்களையும் இணையம் வழியே இழுப்பதால், இணைப்பு மெதுவான ஊர்களில் பந்தயத்துக்கு 2020-தான் என் தேர்வு.

அமைப்புகளில் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டியவை: ஃபிளைட் மாடல் ‘மாடர்ன்’, உதவிகள் ‘ட்ரூ டு லைஃப்’, எஞ்சின் சேதம் இயக்கத்தில், அளவில்லா எரிபொருள் நிறுத்தத்தில், சிமுலேஷன் வேகம் 1. எஞ்சின் சேதத்தை நிறுத்தி வைத்தால் பந்தயமே செத்துவிடும். த்ராட்டிலை (எஞ்சின் பவர் நெம்பை) முழுதும் தள்ளிவிட்டு உட்கார்ந்திருப்பவர் ஜெயித்துவிடுவார்.

வானிலையில் ‘லைவ்’ வேண்டாம். அது நிமிடத்துக்கு நிமிடம் மாறும், ஆளுக்கு ஆள் சற்று முன்பின்னாகவும் வரும். ஒருவர் காற்றையும் மேகத்தையும் வெப்பத்தையும் அமைத்து டபிள்யூ.பி.ஆர். கோப்பாகச் சேமித்து மற்றவர்களுக்கு அனுப்பட்டும். காற்றை இரண்டு அடுக்காக வைப்பது நல்லது: தரையில் 12 நாட் (மணிக்குக் கடல் மைல்), 2,000 அடியில் 22 நாட். அப்போதுதான் எந்த உயரத்தில் பறப்பது என்பதும் பந்தயத்தின் ஒரு பகுதியாகும்.

டிசி-3

தொகுப்பில் பழைய கருவிகளோடு ஒன்றும், புதிய மின்னணுக் கருவிகளோடு ஒன்றுமாக இரண்டு டிசி-3 உண்டு. பந்தயத்துக்குப் பழையதையே எடுங்கள். எஞ்சினைப் பற்றி அறிய வேண்டியதையெல்லாம் அதன் முட்கள் காட்டிவிடும்.

முதலில் எரிபொருள். இந்த விமானத்தின் நான்கு தொட்டிகளில் மொத்தம் 800 அமெரிக்க கேலனுக்குச் சற்று மேல் பிடிக்கும். ஒரு கேலன் பெட்ரோல் 2.7 கிலோ. முழுதாக நிரப்பினால் 2,190 கிலோவை வீணாகச் சுமக்கிறோம். இரண்டு எஞ்சினும் கடுமையாக உழைத்தால் மணிக்கு 200 கேலன் வரை குடிக்கும். 32 நிமிடப் பந்தயத்துக்கு 110 கேலன், சூடேற்றவும் ஊர்ந்து செல்லவும் 20, கையிருப்பு 50 என்று கணக்கிட்டால் 180 கேலன் போதும். இரண்டு மெயின் தொட்டிகளில் 90, 90 வைத்து, ஆக்ஸிலரி தொட்டிகளைக் காலியாக விடுங்கள். சுமார் 1,700 கிலோ குறையும். இதனால் நேர்ப்பாதை வேகம் கொஞ்சம்தான் கூடும். உண்மையான லாபம் திருப்பத்தில் வருகிறது: கனமான விமானம் சாய்ந்து திரும்பும்போது இழக்கும் வேகத்தை மீட்க நெடுநேரம் ஆகும், இலேசானது உடனே மீளும். மதுரையிலிருந்து பறந்து வருவதானால் அந்தப் பயணத்துக்கு மேலும் 70 கேலன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிராட் அண்ட் விட்னி ஆர்-1830 எஞ்சின் ஒவ்வொன்றும் 1,200 குதிரைத்திறன். தொடங்கியதும் 30 விநாடிக்குள் ஆயில் அழுத்தம் எழ வேண்டும். எழாவிட்டால் நிறுத்திவிடுங்கள். 1,000 ஆர்பிஎம்-இல் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) ஆயில் 40 டிகிரி செல்சியஸ், சிலிண்டர் தலை 120 டிகிரி வரும்வரை காத்திருங்கள். குளிர்ந்த ஆயிலோடு முழு பவர் கொடுத்தால் எஞ்சின் சேதம் அங்கேயே தொடங்கிவிடும், ஆனால் அதன் விளைவு தனுஷ்கோடிக்கு மேலே போன பிறகுதான் தெரியும். மேக்னெட்டோ (எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் கருவி) சோதனையில் 100 ஆர்பிஎம்-க்கு மேல் விழக்கூடாது. ஓடுபாதையில் நேராக நின்றதும் வால் சக்கரத்தைப் பூட்டுங்கள். பூட்டாமல் த்ராட்டிலைத் தள்ளினால் விமானம் இடப்பக்கம் சுழன்று ஓடுபாதையை விட்டுப் போகும். புதியவர்களுக்கு அதிகம் நேர்வது இதுதான்.

புறப்பாட்டுக்கு 48 அங்குல மேனிஃபோல்டு அழுத்தம் (எஞ்சினுக்குள் போகும் கலவையின் அழுத்தம்), 2,700 ஆர்பிஎம். இது சில நிமிடங்களுக்கு மட்டும். சக்கரம் மேலே போனதும் 41 அங்குலம், 2,550. நிலையாகப் பறக்கும்போது 36 அங்குலம், 2,350 வைத்துக்கொண்டால் மணிக்கு 180 மைல் என்று கணக்கிடலாம். பவரைக் கூட்டும்போது முதலில் ஆர்பிஎம், பிறகு த்ராட்டில். குறைக்கும்போது முதலில் த்ராட்டில், பிறகு ஆர்பிஎம். வரிசை மாறினால் சுற்று குறைவாக இருக்கையில் அழுத்தம் எகிறி, சிலிண்டருக்குள் கலவை நேரந்தவறி வெடிக்கும். ஜாய்ஸ்டிக்கில் ஒரே ஒரு த்ராட்டில் நெம்பு வைத்திருப்பவர்கள் ஆர்பிஎம்-ஐ இரண்டு பொத்தான்களிலாவது ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் டிசி-3 வேண்டாம்.

கவுல் ஃபிளாப் என்பது எஞ்சினைச் சுற்றியுள்ள காற்றுக் கதவு. திறந்தால் எஞ்சின் குளிரும், வேகம் குறையும். மூடினால் வேகம் கூடும், சூடேறும். இராமநாதபுரத்து 35 டிகிரி வெயிலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கடல்மட்டத்திலேயே காற்றின் அடர்த்தி சுமார் 2,400 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமமாகிவிடும். ஏறும்போது ‘ட்ரெயில்’ (சற்றே திறந்த) நிலை, மட்டமாகப் பறக்கும்போது மூடுவது, சிலிண்டர் தலை 220-ஐத் தொட்டால் மறுபடி ட்ரெயில். 232 டிகிரிதான் தொடர்ச்சியான ஓட்டத்துக்கு எல்லை. மேற்கு நோக்கிய நீண்ட 73 கிலோமீட்டரில் இந்த ஒரு கைப்பிடியைச் சரியாக ஆள்பவர்தான் முன்னே போவார்.

இறங்கும்போது இன்னொரு வில்லங்கம். கோட்டைக் கடந்த மகிழ்ச்சியில் த்ராட்டிலை ஒரேயடியாக மூடாதீர்கள். காற்று ப்ரொப்பெல்லரைச் சுழற்ற, ப்ரொப்பெல்லர் எஞ்சினைச் சுழற்றும். பேரிங்குகள் தலைகீழ்ச் சுமையைத் தாங்க வேண்டியிருக்கும், சிலிண்டர்களும் சட்டெனக் குளிரும். 100 ஆர்பிஎம்-க்கு 1 அங்குலம் என்ற பழைய விகிதத்தை நினைவில் வையுங்கள்: 2,000 ஆர்பிஎம்-இல் 20 அங்குலத்துக்குக் கீழே போகாமல் படிப்படியாகக் குறைக்கலாம். உண்மை டிசி-3-இல் சக்கரத்தை இறக்குவதும் தனிச் சடங்கு. விமானி அறையின் தரையிலுள்ள பூட்டு நெம்பை விடுவித்து, கியர் கைப்பிடியைக் கீழே தள்ளி, ஹைட்ராலிக் அழுத்தம் ஏறியதைப் பார்த்து, கைப்பிடியை நடுநிலைக்குக் கொண்டுவந்து, மறுபடி பூட்ட வேண்டும். கூடவே ஒரு துணை விமானி இருந்த காலத்து ஏற்பாடு அது. சிமுலேட்டரில் ‘ஜி’ விசை அந்த வேலையை எடுத்துக்கொள்வதால், கண்ணைப் பச்சை விளக்கிலும் அழுத்தமானியிலும் வைத்தால் போதும்.

ரயான்

1927 மே 20 காலை நியூயார்க்கில் கிளம்பி 33 மணி நேரத்துக்கு மேல் பறந்து பாரிஸில் இறங்கிய விமானம். காலி எடை 975 கிலோ. அது தூக்கிச் சென்ற 450 கேலன் பெட்ரோலோ 1,225 கிலோ. விமானத்தைவிட எரிபொருள் கனம். இதை அப்படியே நிரப்பிக்கொண்டு பாம்பனைச் சுற்ற வந்தால், பெட்ரோல் லாரியை வைத்துப் பந்தயம் விடுவது போலத்தான். ரைட் வேர்ல்விண்ட் ஜே-5 எஞ்சின் 223 குதிரைத்திறன், அட்லாண்டிக் பயணத்தில் மணிக்கு சுமார் 11 கேலன்தான் எடுத்தது. முழு த்ராட்டிலில் கூடுதலாகக் குடித்தாலும் 52 நிமிடத்துக்கு 35 கேலன் தாராளம். அதை இறக்கைத் தொட்டிகளில் வையுங்கள். மூக்குப் பக்கத் தொட்டியில் மட்டும் நிரப்பினால் ஈர்ப்பு மையம் முன்னே போய், தரையிறங்கும்போது வாலைக் கீழே கொண்டுவர முடியாது. எடைப் பக்கத்தில் மையம் காட்டும் கோட்டைப் பார்த்த பிறகே ஏறுங்கள்.

இதில் முன்கண்ணாடி கிடையாது. பெரிய எரிபொருள் தொட்டியை விமானிக்கு முன்னால் வைத்ததால் வந்த வினை. பக்கவாட்டு ஜன்னல்தான் துணை. எனவே முனைகளை நேராக நோக்கிப் பறக்காமல், முனை இடப்பக்க ஜன்னலில் எப்போதும் தெரியும்படி சற்று வலமாகத் தள்ளிப் பறந்து வாருங்கள். அரிச்சல்முனையிலும் கீழக்கரையிலும் வலமாகப் பெரிதாகத் திரும்ப வேண்டியிருப்பதால் அங்கே மட்டும் முன்கூட்டியே வலப்பக்க ஜன்னலுக்கு மாறிக்கொள்ளுங்கள். வெளிப்பார்வை கேமராவை அனுமதித்தால் இந்த விமானத்தின் சவாலே போய்விடும். அதைத் தடை செய்யலாம் என்பதே என் கருத்து.

அவசரமாகக் கட்டிய விமானம் என்பதால் முந்தைய எம்-2 மாதிரியின் சிறிய வாலையே வைத்துக்கொண்டார்கள். இதனால் கைவிட்டால் நிலையாகப் பறக்காது, விடாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஜாய்ஸ்டிக்கின் டெட் ஸோன் (அசைத்தும் விமானம் அசையாத நடுப்பகுதி) பெரிதாக இருந்தால் ரயான் கடலில் அலையும் ஓடம்தான். 2 அல்லது 3 சதவீதத்துக்கு மேல் வைக்காதீர்கள். பிரேக்கும் கிடையாது. பின்னால் உராயும் வால்கட்டைதான் நிறுத்தும். பின்காற்றில் இறங்கினால் ஓடுபாதை முடிந்தும் நிற்காது.

கூஸ்

ஏழில் மனம் நிற்பது இங்கேதான். 1937-இல் முதலில் பறந்த இந்த நீர்-நில விமானத்துக்கு இரண்டு ஆர்-985 எஞ்சின், தலா 450 குதிரைத்திறன். ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா என்று கிடக்கும் இந்தக் கரைக்கென்றே செய்தது போல அமைந்திருக்கிறது.

உலக வரைபடத்தில் கடலில் புள்ளி வைத்துத் தொடங்கினால் விமானம் வானில்தான் பிறக்கும், நீரில் மிதக்காது. ஆகவே உச்சிப்புளியிலிருந்து கிளம்பி மண்டபத்துக்கு வடக்கே பாக் நீரிணையில் இறங்கி, அங்கே தொடக்கத்துக்குக் காத்திருக்கலாம். இராமேஸ்வரத்தில் வடக்குக் கடலைப் பெண்கடல் என்றும் தெற்குக் கடலை ஆண்கடல் என்றும் சொல்வது சும்மா இல்லை. கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்கே அலை எழும், வடக்கே அடங்கிக் கிடக்கும். வாடைக் காலத்தில் இது தலைகீழ்.

நீரில் இறங்கும் முன் சக்கரம் உள்ளே இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். சக்கரம் வெளியே இருந்தால் நீர் அதைப் பிடித்து இழுக்க, மூக்கு குத்தி விமானம் கவிழும். உண்மை கூஸில் சக்கரத்தை ஏற்றவும் இறக்கவும் கையால் சுற்றும் கிராங்க் இருந்தது, சுமார் 40 சுற்று. தரையிலிருந்து கிளம்பியதும் சக்கரம் உள்ளே போக நேரம் ஆகும், அதுவரை வேகம் ஏறாது. நீரிலிருந்து கிளம்பும் கூஸுக்கு இந்த இழப்பே கிடையாது. ஒரே எஞ்சின் வேகம் உள்ள இரண்டு கூஸ்களில் கடலில் தொடங்கியதுதான் முதலில் பாம்பனைத் தொடும்.

புறப்பாட்டில் ஸ்டிக்கை முழுதும் பின்னால் இழுத்து வையுங்கள். நீர்த்தூவல் ப்ரொப்பெல்லர்களில் படாமல் இருக்கத்தான். 36.5 அங்குலம், 2,300 ஆர்பிஎம். மூக்கு உயர்ந்து ஒரு மேட்டைத் தாண்டியதும் விமானம் நீரின் மேல் வழுக்கத் தொடங்கும். அப்போது ஸ்டிக்கைச் சற்றே தளர்த்துங்கள். மூக்கு மேலும் கீழுமாக ஆடத் தொடங்கினால் துரத்தித் துரத்தித் திருத்தாதீர்கள், ஆட்டம் பெருகத்தான் செய்யும். ஸ்டிக்கைப் பின்னால் பிடித்து த்ராட்டிலை மூடி, மறுபடி தொடங்குங்கள். நீரில் திசை திருப்ப இரண்டு எஞ்சின்களையும் ஏற்றத்தாழ்வாக இயக்க வேண்டும். அதனால் த்ராட்டில் இரண்டும் தனித்தனி அச்சில் இருந்தால்தான் கூஸ் கைக்கு அடங்கும். பறக்கும்போது 30 அங்குலம், 2,000 ஆர்பிஎம் வைத்து மணிக்கு 170 மைல் என்று கணக்கிடலாம்.

மற்றவை

பீவர் எதையும் மன்னிக்கும் விமானம். கூஸில் உள்ள அதே ஆர்-985 ஒன்று, அதே 36.5/2,300 புறப்பாடு, அதே 30/2,000 ஓட்டம். எரிபொருள் வயிற்றுக்குள் முன், நடு, பின் என்று மூன்று தொட்டிகளில். 44 நிமிடப் பந்தயத்துக்கு முன்தொட்டியின் 35 கேலன் போதும், மற்ற இரண்டையும் காலி செய்யலாம். தொட்டியைத் தேர்வு செய்யும் செலக்டர் முன்தொட்டியில் இருக்கிறதா என்று பார்க்க மறந்தால், காலித் தொட்டியை உறிஞ்சி எஞ்சின் நின்றுவிடும்.

ஜென்னியின் 90 குதிரைத்திறன் ஓஎக்ஸ்-5 எஞ்சின் 1,400 ஆர்பிஎம்-இல் மணிக்கு 60 மைல் கொடுக்கும். பிரேக் இல்லை, வால்கட்டைதான். காற்றில்லாத காலைப் பொழுதில் அழகு. கச்சானில் படும் பாட்டைக் கீழே சொல்கிறேன். ரைட் ஃபிளையரைப் பந்தயத்தில் சேர்க்க வேண்டாம். 1903 டிசம்பர் 17 அன்று அது பறந்த மிக நீண்ட தூரமே 852 அடி, பாம்பன் ரயில் பாலமோ 2 கிலோமீட்டருக்கு மேல். ஹெர்குலஸ் எட்டு எஞ்சின்களோடு வேடிக்கை பார்க்க நன்று, திரும்ப மன்னார் வளைகுடா முழுவதும் வேண்டும்.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்ததும், அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மதராஸுக்குக் கொண்டுசென்றதும் புஸ் மாத் விமானத்தில். நம் வான்வரலாற்றின் அந்த முதல் பெயர் இந்த ஏழில் இல்லை.

காற்றும் தொடக்க நேரமும்

இத்தனை வேறுபட்ட வேகங்களை ஒன்றாக ஓடவிட்டால் அது பந்தயமே ஆகாது. மெதுவானது முதலில், வேகமானது கடைசியில் கிளம்பி, எல்லோரும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொடும்படி கைகொடுப்பு வைப்பதுதான் வழக்கம். காற்றில்லாமல் 95 மைலுக்கு ஜென்னி 95 நிமிடம், ரயான் மணிக்கு 110 மைலில் 52, பீவர் 130 மைலில் 44, கூஸ் 34, டிசி-3 32. ஜென்னி கிளம்பி 43 நிமிடம் கழித்து ரயான், 51-இல் பீவர், 61-இல் கூஸ், 63-இல் டிசி-3.

இந்தக் கணக்கை அப்படியே கச்சான் நாளில் வைத்தால் அநியாயம். மேற்கிலிருந்து மணிக்கு 20 மைல் (17 நாட்) காற்று வீசினால், போகும்போது பின்காற்று, கீழக்கரை நோக்கி வரும்போது எதிர்காற்று. இரண்டும் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. எதிர்காற்றில் பறக்கும் நேரம் நீளம் என்பதால் இழப்பும் நீளம். ஜென்னிக்கு மொத்தம் 106 நிமிடம் ஆகிவிடுகிறது, 11 நிமிட நஷ்டம். அதே காற்றில் டிசி-3 இழப்பது அரை நிமிடத்துக்கும் குறைவு. காற்று 30 மைலானால் ஜென்னி முயல் தீவு, வாலைத் தீவுகளை ஒட்டி மணிக்கு 30 மைலில் ஊரும், மொத்தம் 125 நிமிடம். அதன் பெட்ரோல் ஏறத்தாழ 2 மணி நேரத்துக்குத்தான் வரும் என்பதால் கீழக்கரைக்குப் பிறகு வழியிலேயே இறங்க வேண்டியிருக்கும். ஆகவே காற்றுக் கோப்பை முதலில் முடிவு செய்து, ஒவ்வொரு பகுதிக்கும் தரைவேகம் கணக்கிட்டு, அதன் பிறகே தொடக்க நேரத்தை அறிவியுங்கள். 20 மைலுக்கு மேல் காற்று வைத்தால் ஜென்னியை அன்று நிறுத்திவிடலாம்.

உயரத் தேர்வும் இங்கேதான் பலன் தரும். கிழக்கே போகும்போது 1,500 முதல் 2,000 அடிக்கு ஏறி வலுவான பின்காற்றை வாங்குங்கள். அரிச்சல்முனைக்கு முன்பே மெல்ல இறங்கத் தொடங்கி, அந்த உயரத்தை வேகமாக மாற்றி, மேற்குப் பாதையில் 200 அடிக்கு வந்துவிடுங்கள். அங்கே எதிர்காற்று மெலிந்திருக்கும்.

அரிச்சல்முனைத் திருப்பம் ஏறத்தாழ 160 டிகிரி. 45 டிகிரி சாய்வில் மணிக்கு 170 மைலில் டிசி-3-க்கு 600 மீட்டர் ஆரம் வேண்டும். 60 டிகிரி சாய்த்தால் 350 மீட்டர், ஆனால் எடை இரட்டிப்பாகி வேகம் கரையும். 45-தான் சரியான பேரம். ஜென்னிக்கு இந்தக் கணக்கு வேறு. அதன் ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே போனால் இறக்கை தாங்காமல் விழும் வேகம்) மணிக்கு 45 மைல் அளவில். 45 டிகிரி சாய்வில் அது 53 ஆகிவிடும், பறப்பதே 60-இல். கொஞ்சம் இழுத்தாலும் விழும். 30 டிகிரிக்கு மேல் சாய்க்கவே கூடாது. 200 அடியில் ஸ்டால் ஆனால் மீட்க இடமில்லை.

கடைசியாக மேஜை மேலிருப்பவை. மலிவான ஜாய்ஸ்டிக்குகளில் ரட்டருக்கான (வாலிலுள்ள திசைத்தகட்டுக்கான) முறுக்கு அச்சு பெரும்பாலும் பொட்டென்ஷியோமீட்டர், அதாவது உராய்ந்து நகரும் மின்தடை. கடற்கரை வீடுகளில் உப்புக் காற்று அதன் தடத்தைச் சீக்கிரம் கெடுக்கும், விமானம் தானாக ஒரு பக்கம் இழுக்கத் தொடங்கும். அமைப்புப் பக்கத்தில் அச்சின் கோடு துடித்துக்கொண்டே இருந்தால் அதுதான் அறிகுறி. காண்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு, பிறகு இரு பக்கமும் முப்பது நாற்பது தடவை முழுதாகத் திருப்பினால் பல சமயம் சரியாகும். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். உராய்வில்லாமல் காந்தத்தால் உணரும் ஹால் சென்சார் உள்ளதை வாங்க முடிந்தால் இந்தத் தொல்லை குறையும், ஆனால் அதில் முறுக்கு அச்சும் ஹால்தானா என்று கேட்டு வாங்குங்கள். மின்வெட்டுக்கு 600 வி.ஏ. யு.பி.எஸ். போதாது. அது கொடுப்பது சுமார் 360 வாட், கிராஃபிக்ஸ் கார்டோடு கணினியும் திரையும் பந்தய நேரத்தில் அதைத் தாண்டிவிடும். 1 கே.வி.ஏ. வாங்கி, மோடமையும் அதிலேயே இணையுங்கள். கணினி தப்பி மோடம் அணைந்தால் மற்ற விமானங்கள் திரையிலிருந்து மறைந்துவிடும், கோட்டைக் கடந்த நேரத்தைச் சாட்சி சொல்ல ஆளிருக்காது.